மகிழ்ச்சிக்குத் தண்டனை, வன்மத்துக்கு மரியாதை

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் விதிப்புத்தகத்துக்கு வெளியே இன்னொரு சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஹோம் ரன் அடித்தவர் மட்டையைச் சுழற்றி வீசக் கூடாது. பந்து பறப்பதை நின்று ரசிக்கக் கூடாது. பெரிய முன்னிலையில் இருக்கும் அணி எதிரணியை மேலும் வதைக்கக் கூடாது. மீறினால், எதிரணி பிட்சர் பேட்டரின் உடம்பைக் குறிவைத்துப் பந்தை எறிவார். எங்கும் எழுதி வைக்காத இந்த வழக்கத்தை வீரர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு இது என்பது அதன் ஆதரவாளர்கள் வாதம். எந்த உணர்ச்சியை அது அடக்குகிறது, எதை வளர்க்கிறது என்று பார்த்தால்தான் அந்த வாதத்தின் பலம் தெரியும்.

இதை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அதே எதிரிகளை மறுபடி மறுபடி சந்தித்தாக வேண்டும். பிட்சர் எல்லார் கண்முன்னும் தனியாக நிற்கிறார். ஹோம் ரன் கொடுத்துவிட்டால் ஒளிய இடமில்லை. அடித்தவர் தலை குனிந்து ஓடி முடிப்பது அவருக்குக் காட்டும் மரியாதை. மேலும், உடம்பில் பட்ட பந்து கை நழுவியதா, வேண்டுமென்றே எறியப்பட்டதா என்று நடுவரால் எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில், ‘எங்கள் ஆளை அடித்தால் உங்கள் ஆளும் தப்ப மாட்டார்’ என்ற அச்சம் நட்சத்திர பேட்டர்களுக்குக் காவலாக இருந்தது. எறிந்த பிட்சரே பிறகு மட்டை பிடிக்க வரவேண்டிய காலத்தில் இந்த நியாயத்துக்கு எடை இருந்தது.

அந்த எடை இப்போது இல்லை. பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் முறையை, மேஜர் லீகின் இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973-லேயே கொண்டுவந்தது. 2022 முதல் இரண்டு லீகுகளிலும் அதுதான் வழக்கம். ஒருவர் எறிவார், அதற்கான விலையை அவருடைய சக வீரர் கொடுப்பார் என்றாகிவிட்டது. தப்பு செய்தவரே தண்டனை பெறுவதும் உறுதியில்லை. 2020 ஆகஸ்ட் 17 அன்று சான் டியேகோ அணி 10-3 என முன்னிலையில் இருந்தபோது, எட்டாவது இன்னிங்ஸில் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பிட்சரின் அடுத்த பந்து, அதில் எந்தப் பங்கும் இல்லாத மேனி மச்சாடோவின் முதுகுக்குப் பின்னால் பறந்தது.

வழக்கத்தின் பெரிய குறை காலக் கணக்கில் இருக்கிறது. 2014 பிளேஆஃப் சுற்றில் வாஷிங்டனின் பிரைஸ் ஹார்ப்பர், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பிட்சர் ஹன்டர் ஸ்டிரிக்லண்டின் பந்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். ஆனால் அந்தத் தொடரையும் அந்த ஆண்டின் வேர்ல்டு சீரீஸையும் வென்றது ஜயன்ட்ஸ்தான். இருந்தும், 2017 மே 29 அன்று ஸ்டிரிக்லண்டின் பந்து மணிக்குச் சுமார் 158 கி.மீ. வேகத்தில் ஹார்ப்பரின் இடுப்பைத் தாக்கியது. ஹார்ப்பர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டுப் பாய்ந்தார், இருவரும் குத்திக்கொண்டார்கள். ஜயன்ட்ஸ் கேட்சர் பஸ்டர் போசி நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிவந்த ஜயன்ட்ஸ் வீரர்கள் மைக்கேல் மோர்ஸும் ஜெஃப் சமார்ஜாவும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். தலையில் அதிர்ச்சிக் காயம் பட்ட மோர்ஸ் அதற்குப் பிறகு மேஜர் லீகில் ஆடவே இல்லை.

இரண்டரை ஆண்டு காத்திருந்து எறிவதை ஆவேசம் என்று சொல்ல முடியாது. அது திட்டமிட்ட வன்மம். மட்டையை வீசும் மகிழ்ச்சி அந்த நொடியோடு தீர்ந்துபோகும். யார் எலும்பையும் முறிக்காது. இந்த வழக்கமோ தீர்ந்துபோகும் உணர்ச்சியைக் குற்றமாக்கி, தேக்கி வைத்த உணர்ச்சியைக் கடமையாக்குகிறது. பந்து ஓர் உயிரையே எடுக்கும் என்பதும் பேஸ்பாலுக்குத் தெரியாததல்ல. 1920-இல் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு, கிளீவ்லாந்தின் ரே சாப்மன் மறுநாள் இறந்தார். பந்துக்குக் குறி தெரியலாம். எங்கே போய் நிற்கும் என்று எறிந்தவராலும் உறுதி தர முடியாது.

அதற்காகப் பகையையே ஒழிக்கச் சொல்லவில்லை. பகை இல்லாத ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? 2015 அக்டோபரில் டொரன்டோவின் ஹொசே பாட்டிஸ்டா, ரேஞ்சர்ஸுக்கு எதிராக மூன்று ரன் ஹோம் ரன் அடித்து மட்டையை வீசினார். 2016 மே மாதம் ரேஞ்சர்ஸ் அவர்மேல் பந்தை எறிந்தது. அதே இன்னிங்ஸில் அவர் இரண்டாம் பேஸில் முரட்டுத்தனமாகச் சறுக்கி விழ, ருக்னெட் ஓடோர் அவர் தாடையில் குத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் இரு அணிகளும் மறுபடி மோதின. மூன்றாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் ஓடோரின் எறி தவறியதில் ஜாஷ் டொனால்ட்சன் வெற்றி ரன்னை எடுத்தார், ரேஞ்சர்ஸ் வெளியேறியது. யாருக்கும் காயமில்லாமல் பகை தீர்ந்த இடம் அதுதான்.

லீக் நிர்வாகம் செய்யக்கூடிய வேலையும் தெளிவானது. தொடக்க பிட்சர் வழக்கமாக ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிகிறார். ஐந்து ஆட்டத் தடை அவருக்குப் பெரிய இழப்பே இல்லை. தண்டனையை ஆட்டக் கணக்கில் அளக்காமல், அவர் எறியும் முறைகளின் கணக்கில் அளக்க வேண்டும். மட்டை வீச்சைப் பிட்சர் பொறுத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அதே பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் செய்து அவரும் ஆர்ப்பரிக்கட்டும். அந்த உரிமை இருவருக்கும் சமமாக இருந்தால், காவல் வேலைக்கு எழுதப்படாத சட்டம் தேவைப்படாது.