ஷாவும் மக்ஸும்: இரு விமரிசகர், இரு சுவை

நாடகம் ஒன்று, கண்டோர் இருவர், தீர்ப்போ இரண்டு. இவ்வாறு நேருமிடத்து, இருவருள் ஒருவர் தவறினார் எனக் கொள்ளுதல் பலர்க்கும் இயல்பு. அம்முடிபு பொருந்துமா என்பதை, இலண்டனில் வெளிவந்த 'சற்றடே றிவியூ' என்னும் வார இதழில் ஒருவர்பின் ஒருவராக நாடக விமரிசனம் எழுதிய இருவரைக் கொண்டு ஆராய்வாம். 1895 முதல் 1898 வரை அப்பணியைப் புரிந்தவர் பேணாட் ஷா. அவர் விலகியபின் 1910 வரை அதனை ஏற்றவர் மக்ஸ் பீர்போம்.

ஷா அரங்கினை மக்கட்கு அறிவு கொளுத்தும் நிலையமாக மதித்தவர். நோர்வே நாட்டு இப்சனின் நாடகங்களே அவர்க்கு அளவுகோல். லைசியம் அரங்கின் தலைவராய் விளங்கிய ஹென்றி இர்விங், புதிய நாடகங்களைப் புறக்கணித்ததோடு ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வெட்டிச் சிதைத்தார் என அவர் கடிந்தார். அவரது உரைநடை வழக்குரைஞரின் வாதம் போன்றது. மக்ஸோ கேலிச் சித்திரம் வரைவதிலும் வல்லவர், மென்னகையோடு எழுதுபவர். தமக்கு நாடகத்தின்மீது பெருங்காதல் இல்லை என்பதைத் தம் முதற் கட்டுரையிலேயே கூறிவிட்டவர்.

இவ்விருவரின் சுவை வேறுபாட்டை ஒஸ்கார் வைல்டின் 'த இம்போட்டன்ஸ் ஒவ் பீயிங் ஏர்ணெஸ்ற்' என்னும் நகைச்சுவை நாடகம் தெளிவுறக் காட்டும். 1895 இல் அதனைக் கண்ட ஷா, தாம் நகைத்தது உண்மையே எனினும், உள்ளத்தைத் தொடாத நகைச்சுவை மாலைப்பொழுதை வீணாக்கிய உணர்வையே தருமென எழுதினார். 1902 இல் அது மீண்டும் மேடையேறியபோது மக்ஸ் அதனைப் பெரிதும் பாராட்டினார். கதையமைப்புப் பழகிப்போன கேலிக்கூத்தே. ஆயினும் அற்பமான பொருளை வீறுபெற்ற மொழியாற் கூறும் முரணே இன்பம் பயப்பது. ஆகலின் நடிகர் அதனை முகங்கோணாது பெருமிதத்தோடு பேசல் வேண்டும் என்பது அவர் கருத்து. நுணுகி நோக்கின், இருவர் கண்டதும் ஒன்றே. பொருளின் இலேசு ஒருவர்க்குக் குறையாயிற்று. மற்றவர்க்கு அதுவே சுவையின் ஊற்றாயிற்று. ஷா 'இஃது எதற்கு?' என வினவினார். மக்ஸ் 'இஃது எவ்வாறு அமைந்தது?' என வினவினார்.

இரு நெறிக்கும் இடர்ப்பாடு உண்டு. ஷா தாமே நாடகாசிரியர். தம் விமரிசனங்கள், தாம் புகவேண்டிய அரங்கின்மீது தாமே தொடுத்த முற்றுகை என்னும் கருத்தைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். எனினும், பழைய அரங்கின் குறைகளை அஞ்சாது உரைக்கும் துணிவை அவர்க்கு அளித்தது அக்கோட்பாடே. மக்ஸும் தவறினார். ஷாவின் நாடகங்கள் படித்தற்கே உரியன, நடித்தற்கு உரியனவல்ல என்று அவர் கருதியிருந்தார். ஆயின் 1905 இல் 'மேஜர் பார்பரா' மேடையேறியபோது, தம் பழைய கருத்துப் பிழையென அவ்விதழிலேயே ஒப்புக்கொண்டார். தம் சுவையையே நம்பி எழுதியவர், கண்முன் நிகழ்ந்தது அச்சுவையை மாற்றியபோது அதனை மறைத்தாரல்லர்.

எனவே, இருவருள் எவர் சரியென வினவுதல் பயன் தராது. குணமுங் குற்றமும் ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்ளும் நெறியை வள்ளுவர் ஆட்களைத் தெரிதற்கு வகுத்தார். கலையை எடையிடுவோர்க்கும் அது பொருந்தும். ஆயினும், எது குணம், எது குற்றம் என்பதை ஒவ்வொருவரின் அளவுகோலே முடிவு செய்கின்றது. ஆதலின் விமரிசகரின் தீர்ப்பை மனனஞ் செய்யும் மாணவன் அவரிடமிருந்து யாதும் கற்றவனாகான். அவர் கையிலுள்ள அளவுகோலை அறிந்து, தன் கண்ணால் நாடகத்தைக் காண்பவனே கற்றவனாவான்.