மாணவர் கைவரிசை

புதிதாக இசையமைக்கும் மாணவரின் படைப்பைக் கேட்க உட்கார்ந்ததும் நம் காது சாயல் தேடத் தொடங்கிவிடுகிறது. இங்கே ஸ்ட்ராவின்ஸ்கி, அங்கே சைக்கோவ்ஸ்கி என்று அடையாளம் கண்டுவிட்டால் கேட்டு முடித்த திருப்தியும் வந்துவிடுகிறது. அந்தத் திருப்தியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதை எனக்குக் காட்டியது ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் சிம்பொனி. லெனின்கிராட் கன்சர்வேட்டரியில் படிப்பை முடிப்பதற்காக அவர் எழுதிய படைப்பு அது. 1926 மே 12 அன்று நிக்கோலாய் மால்கோ நடத்த அரங்கேறியபோது அவருக்கு வயது 19.

முதல் சில நொடிகளையே பாருங்கள். ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா எதிரே காத்திருக்கிறது. முதல் சிம்பொனி எழுதும் இளைஞன் யாருக்கும் எல்லா வாத்தியங்களையும் ஒரே நேரத்தில் முழக்கிவிடத்தான் கை துடிக்கும். இவரோ, ஒலியடக்கிய ஒற்றை டிரம்பெட்டை மெல்லப் பேசவிடுகிறார். ஒரு பாசூன் அதற்குப் பதில் சொல்கிறது. அந்த வயதில் இந்த அடக்கம் எவ்வளவு பெரிய துணிச்சல்!

அடுத்து, பியானோவை மட்டும் பின்தொடருங்கள். முதல் பகுதி முழுக்க அது வாய் திறப்பதில்லை. இரண்டாம் பகுதியில் திடீரென்று பாய்ந்து வந்து ஓடுகிறது. இதை எழுதியது, குடும்பத்தின் வறுமையால் மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் பியானோ வாசித்த கை. அந்த வேகம் விரல்களில் ஏறியிருந்தது இங்கே நன்றாகவே கேட்கிறது. நடுவில் இரண்டு புல்லாங்குழல்கள் இசைத்த நிதானமான மெட்டு, பிறகு பித்தளை வாத்தியங்களின் முழக்கமாகத் திரும்பி வந்து, ஓட்டமெடுக்கும் மெட்டின் மேலேயே ஏறி நிற்கிறது. உச்சத்தில் ஆர்கெஸ்ட்ரா சட்டென்று அறுபடுகிறது. பியானோ தனியாக மூன்று முறை ஓங்கி அடிக்கிறது. ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் விட்டிருக்கும் வெளியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

கடைசிப் பகுதியில் இன்னொன்று. எல்லாம் அடங்கிய இடத்தில் டிம்பனி முரசு தனியே பேசுகிறது. மூன்றாம் பகுதியில் ஊடாடிய சிறு சுரக்கோவைதான், தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. முதல் தடவை கேட்பவருக்கு இது பிடிபடாது. பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை. கச்சேரியில் ஒரு புதுச் சங்கதி விழுந்ததும் தலையசைக்கத் தெரிந்த ரசிகருக்கு இரண்டாம் தடவையே இது தட்டுப்பட்டுவிடும்.

அரங்கேற்ற இரவில் அந்த இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் செய்தார்கள் லெனின்கிராட் ரசிகர்கள். நாம் கேட்க உட்காரும் மாணவர் படைப்புகளோ பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுபவை. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி நாமும் தாராளமாகக் கேட்கலாம்.