எலும்பின் பிடி

முற்றிய அயனி மரப் பலகையில் இறக்கிய திருகாணி அசையாது. உளுத்த பலகையில் அது சும்மா சுற்றும். தச்சர் அறிந்த இந்த நியாயம்தான் கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மேசையிலும் செல்லும்.

1963-இல் பாரிஸில் அறுவை மருத்துவர் ரேமோன் ருவா-கமீய், முள்ளெலும்புகளை அசையாமல் நிறுத்த, அவற்றின் பெடிக்கிள் என்னும் குறுகிய தண்டுவழியே திருகாணி செலுத்தத் தொடங்கினார். என்ன ஒரு இடத்தேர்வு! மொத்தப் பிடியில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்தத் தண்டே தருகிறது. நரம்புகளோ சில மில்லிமீட்டர் தள்ளித்தான் ஓடுகின்றன.

எலும்பின் அடர்த்திதான் முதல் கணக்கு. அடுத்தது திருகாணியின் தடிமன்: தண்டை நிறைத்தால் பிடி கூடும், மிஞ்சினால் சுவர் உடையும். மரை வெட்டும் கருவி திருகாணியைவிட ஒரு மில்லிமீட்டர் சிறுத்திருந்தால் மரைகள் எலும்பை இறுகக் கவ்வும். இருபுறத் திருகாணிகளும் உள்நோக்கிச் சாய்ந்து, குறுக்குக் கம்பியால் இணைந்தால் பிடுங்குவது கடினம். கூம்புத் திருகாணியைச் சற்றே பின்னோக்கித் திருப்பினாலும் பிடி தளரக்கூடும். எலும்புத் தேய்வுள்ள முதியவர்களுக்கு எலும்புச் சிமென்ட் துணைக்கு வரும்.

இத்தனை நுணுக்கமும் சில மாதங்களுக்காகத்தான். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தபின் சுமையை எலும்பே தாங்கிக்கொள்ளும்.