பார்த்தெழுதுதலும் படைத்தலும்

பிறர் ஓவியத்தைப் பார்த்தெழுதுதல் கலைஞனுக்கு இழுக்கு என்பாரும் உளர். அதுவே பயிற்சியின் முடிவு என அமைந்துவிடுவாரும் உளர். இவ்விரு கொள்கையும் பொருந்தா என்பதற்கு ஓர் உருவப்படத்தின் வரலாறே சான்றாகும்.

இத்தாலிய ஓவியர் ராபேல் 1514-15ஆம் ஆண்டளவில் தம் நண்பர் கஸ்திலியோனேயை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பாரிசு நகரத்து லூவர் அரும்பொருளகத்தில் உள்ள அப்படத்தில் பகட்டான நிறம் இல்லை. கருமை, சாம்பல், வெண்மை ஆகியவற்றைக் கொண்டே மென்மயிரும் துணியும் வேறுவேறாகத் தோன்றுகின்றன. கருமை என்பது ஒரே நிறம் அன்று என்னும் பாடத்தைக் கண்ணால் மட்டும் காண்போன் எளிதில் உணரான். தூரிகை கொண்டு பின்பற்றுவோன் உணர்வான். பெரும்புகழ் எய்திய ரூபென்சும் அதனை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார் என்பது கருதத்தக்கது.

1639இல் அப்படம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலத்திற்கு வந்தது. ரெம்பிராண்ட் அதனைப் பேனாவினால் விரைந்து வரைந்து, 3,500 கில்டர் என விலையையும் குறித்துக்கொண்டார். அவர் கோட்டுப்படத்தில் தொப்பி, மூலத்தில் உள்ளதைவிடச் சாய்ந்திருக்கிறது. அதனைப் பிழையெனத் தள்ளுதல் தகாது. கற்போனின் சொந்தக் கருத்து அங்கே முளைவிடுகிறது.

மறு ஆண்டில், தம் 34ஆம் வயதில், அவர் தம்மையே தீட்டினார். ராபேலின் படத்தோடு டிஷியன் தீட்டிய வேறோர் உருவப்படமும் அதற்கு வழிகாட்டியது என்பர் அறிஞர். உடை முந்திய நூற்றாண்டினது. கையூன்றி அமர்ந்த நிலையும் கடன். முகமோ அவருடையதே. தடித்த மூக்கை அவர் அழகுபடுத்தவில்லை. ஆயினும், பழைய பெரியோர் வரிசையில் தாமும் நிற்க வேண்டும் என்னும் முனைப்பு அப்படத்தில் சற்று மிகுந்தே தெரிகிறது.

தாம் மறைந்த 1669ஆம் ஆண்டில் வரைந்த தன்னுருவப் படத்தில் அம்முனைப்பு இல்லை. எளிய உடை, கோத்த கைகள், தளர்ந்த முகம், அவ்வளவே. இவ்விரு படங்களும் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. இரண்டையும் ஒப்பிடுவோர், கடன் கொண்ட பொருள் எவ்வாறு கற்றவனின் சொந்த உடைமையாயிற்று என்பதை நன்கு அறிவர்.

ஆசிரியர் எழுதிய எழுத்தின்மேல் எழுதிப் பழகும் சிறுவன், என்றும் அவ்வெழுத்தையே எழுதிக்கொண்டிருப்பதற்காகப் பழகுவதில்லை. பார்த்தெழுதச் செய்வது ஆசிரியர் கடமை. தொப்பி சாயும்போது அடித்துத் திருத்தாமல் விடுவதும் அவர் கடமையே.