ஜாஸ் வகுப்பறையில் 'தப்பு' சுரம்

ஜாஸைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. முடியும், எப்போதும் சொல்லிக்கொடுக்கப்பட்டே வந்திருக்கிறது. கறுப்பர்களின் ரத்தத்திலேயே தாளம் ஊறியிருக்கிறது என்பதெல்லாம் இனவாதத்தின் பாராட்டு முகம். லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாடம் பண்ணியவர் சார்லி பார்க்கர். என் கேள்வி வேறு: எந்த அறிவு 'தியரி' ஆகிறது, எது வெறும் பழக்கம் என்று ஒதுக்கப்படுகிறது?

1947இல் டெக்சாஸில் வடக்கு டெக்சாஸ் அரசு ஆசிரியர் கல்லூரி ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஜாஸ் என்ற சொல் கௌரவக் குறைச்சல் என்பதால் 'நடன இசைக்குழு' என்று பெயர். அந்தக் கல்லூரியில் கறுப்பு மாணவர்கள் இளங்கலையில் சேர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பாடத்திட்டம் தன் வரலாற்றை இதைவிட வெளிப்படையாகச் சொல்லுமா?

இன்று கல்லூரிகளில் பரவலாக இருப்பது கார்ட்-ஸ்கேல் முறை. சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் (கார்ட்) ஒரு சுரவரிசை. டி மைனர் வந்தால் டோரியன், ஜி செவன்த் வந்தால் மிக்ஸோலிடியன், சி வந்தால் மேஜர். பெயர் மூன்று, பியானோவில் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான்! தப்பு வராது, தேர்வு வைக்கலாம், மார்க் போடலாம். ஆனா பேசக் கத்துக்கிட்டோமா? எழுத்துக்களை ஒப்பிக்கிறோம், அவ்வளவுதான். இதை வெள்ளையர் சதி என்று முடித்துவிடவும் வழியில்லை. கார்டையும் ஸ்கேலையும் இணைத்து 1953இல் முன்னோடி நூல் எழுதிய ஜார்ஜ் ரஸ்ஸல் கறுப்பர். அவருடையது தேடல். நிறுவனம் அதை வாய்ப்பாடாக்கியது.

ப்ளூஸிடம் வந்ததும் இந்த இலக்கணம் திணறுகிறது. ஐரோப்பிய ஹார்மனியில் ஜி செவன்த் போன்ற கூட்டு நிலைகொள்ளாது, வேறிடம் போகத் தவிக்கும். ப்ளூஸிலோ அந்த வகைக் கூட்டு சொந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. சின்ன காந்தாரத்துக்கும் பெரிய காந்தாரத்துக்கும் நடுவே பாடகர் நெளிக்கும் சுரத்துக்குப் பியானோவில் கட்டையே கிடையாது. பாடப்புத்தகம் அதைச் 'சின்ன காந்தாரம்' என்று திருத்தி, விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கிறது. ஒரு மக்களின் காது மொத்தமும் விதிவிலக்கு என்றால் விதி யாருடையது?

டெட்ராய்ட்டிலிருந்து வந்த பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ், 2021இல் இறக்கும்வரை வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். அவரும் விதிகள் வைத்திருந்தார், கறாராகவே. சி மேஜரில் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே ஒரு சுரம் சேர்த்தால் எட்டு சுரம். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் இரண்டு கூட்டுகள். ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கலாம். ஹார்மனி அங்கே பெட்டி அல்ல, நடை. பதிவான அவரது வகுப்புகளில் மாணவர்கள் பியானோவைச் சுற்றி நெருக்கியடித்து நிற்க, அவர் வாயால் சொல்லச் சொல்ல வாசிக்கிறார்கள். விதி அவர் கேட்டு வளர்ந்த இசைக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது.

கிளப்தான் உண்மையான பள்ளிக்கூடம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1930களில் கான்சாஸ் சிட்டியில் இளம் பார்க்கர் தடுமாறியபோது ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி எறிந்ததை வீரக்கதையாக்குகிறோமே, எத்தனை பேர் அந்தச் சத்தத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்களோ? அதைவிட எனக்கு முக்கியம் 1940களில் ஹார்லெமில் மேரி லூ வில்லியம்ஸின் வீடு. மங்க்கும் பட் பவலும் அங்கே வருவார்கள். அவரது பியானோவில் புதுக் கூட்டுகளை வாசித்துப் பார்த்துக்கொள்வார்கள். வரலாறு அதை விருந்தோம்பல் என்று எழுதி வைத்திருக்கிறது. ட்யூக் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்தது 1977இல். அப்போது அவருக்கு வயது 67. 1981இல் இறந்துபோனார்.