பெயர்மாற்றமும் பொறுப்பும்: பைதன் நூலகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பலரும் எடுத்தாளும் நிரல் நூலகமொன்றில் ஒரு சார்பின் பெயரை மாற்றுவது, ஆசிரியரொருவர் தம் நூலின் மறுபதிப்பிற் சொல்லொன்றைத் திருத்துவது போன்றதன்று. அப்பெயரைச் சொல்லி அழைக்கும் நிரல்கள் எங்கெங்கு உள்ளன என்பதை நூலகத்தார் அறியார். பெயர் நீங்கிய பதிப்பு வந்ததும் அவை பிழையுற்று நின்றுவிடும். ஆதலின், புதிய பெயர் அழகியதா என்பதைவிடப் பழைய பெயர் எவ்வாறு வழியனுப்பப்பட்டது என்பதே திறனாய்வுக்குரிய வினாவாகும்.

பைதன் மொழியின் சோதனை நூலகமாகிய யூனிட்டெஸ்டில், இரு பெறுமானங்கள் சமமா எனச் சோதிக்கும் ஒரே செயலுக்கு அசேர்ட்ஈக்குவல், அசேர்ட்ஈக்குவல்ஸ், ஃபெயில்அன்லெஸ்ஈக்குவல் என மூன்று பெயர்கள் வழங்கின. இவற்றிடையே வேறுபாடு யாதென மாணவன் மயங்குதல் இயல்பே. முதலாவதை நிறுத்தி ஏனையவற்றை விலக்க முனைந்தமை நியாயமானது. ஃபெயில் எனத் தொடங்குவன 2009இல் வெளிவந்த 3.1ஆம் பதிப்பிலும், அசேர்ட்ஈக்குவல்ஸ் 2011இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பிலும் கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில், 3.12ஆம் பதிப்பிலேயே அவை நீக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்திற் பழைய பெயர் எச்சரிக்கையொன்றை எழுப்பிவிட்டுப் புதியதையே அழைத்தது. இத்தகைய எச்சரிக்கைகளைப் பைதன் பெரும்பாலும் மறைத்துவிடும்; சோதனைகளை இயக்கும் பகுதியோ அவற்றை வெளிக்காட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான இத்தவணையைக் குறைகூறுவது கடினம். ஆயினும், எழுதியவர் விலகிச்சென்ற பின்னரும் ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு எத்தவணையும் பயன்படாது. எச்சரிக்கையை வாசிக்க அங்கு எவருமில்லை.

இதே மொழியின் திரெடிங் நூலகம் வேறு கதை. 2008இல் வந்த 2.6ஆம் பதிப்பு, கறன்ற்திரெட் என்பதற்கு அடிக்கோடிட்ட புதுவடிவம் தந்தது. பழைய வடிவத்துக்கு எச்சரிக்கை எழுந்தது 2021இல், 3.10ஆம் பதிப்பிலேதான், 2024இன் 3.13ஆம் பதிப்பிலும் அது நீக்கப்படவில்லை. அதே நூலகத்தின் இஸ்அலைவ் என்பதோ 2019இன் 3.8இற் கைவிடத்தக்கதாகி, 2020இன் 3.9இல் மறைந்தது. ஒரே வீட்டில் ஒரு பெயருக்குப் பதினாறு ஆண்டு கடந்தும் இடமுண்டு. மற்றொன்றுக்கு ஓராண்டில் விடைகொடுக்கப்பட்டது. பயனாளர் எதனை நம்பித் திட்டமிடுவது?

பழைய பெயரை மறுபெயராக விட்டுவைத்தாற் போதும் என்போரும் உளர். வெளியிலிருந்து அழைப்பவருக்கு அது போதும். நூலகத்தின் வகுப்பொன்றிலிருந்து தம் வகுப்பை வருவித்து, பழைய பெயரிலுள்ள செயலைத் தமக்கேற்ப மாற்றியெழுதியவருக்குப் போதாது. பெயர்மாற்றத்தின் பின் நூலகம் உள்ளே புதிய பெயரையே அழைக்கும். அவர் எழுதியது அழைக்கப்படவே மாட்டாது. பிழைச்செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை; விடை மட்டும் மாறியிருக்கும். வெளிப்படையாக முறிவதினும் இது கொடிது. வருவித்த வகுப்பிற் பழைய பெயர் மாற்றியெழுதப்பட்டுள்ளதா என்று நூலகமே சோதித்து, உண்டெனில் அதனையே அழைத்து எச்சரிக்கையும் எழுப்புதல் வேண்டும். அதற்குச் சில வரிகளே தேவை. எனினும் பெயர் மாற்றுவோரிற் பலர் மறுபெயர் இட்டதோடு நின்றுவிடுகின்றனர்.