கெலிஓயா இருட்டுக்கு எந்த டோர்ச்?

டோர்ச் வாங்கப் போகிறவரிடம் இன்று முதலில் நீட்டப்படுவது லூமன் கணக்கு. ஆயிரம், இரண்டாயிரம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். மலிவுப் பொருள்களில் அந்த எண் இன்னும் கூசாமல் ஏறும். பல வருடங்களாக ஏதாவதொரு டோர்ச்சைச் சட்டைப்பையிலோ சாரத்தின் மடிப்பிலோ வைத்துக்கொண்டு கெலிஓயாவில் நடமாடுகிறவன் நான். அந்த எண்ணை அளவுகோலாக ஏற்க எனக்கு மனமில்லை. அன்றாடம் உடன் கொண்டுசெல்லும் டோர்ச்சை அது எந்த ஊர் இருட்டில் எரியப்போகிறதோ அந்த ஊரை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கெலிஓயாவின் இருட்டு எப்படிப்பட்டது? பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ-5 வீதியும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் மகாவலியும் இங்கே ஒன்றையொன்று விட்டு அதிக தூரம் விலகாமல் ஓடுகின்றன. பிரதான வீதியில் கடை வெளிச்சம் இருக்கும். அதை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் ஏற்றம், பாசி பிடித்த படிக்கட்டு, மூடியில்லாத காண், இலைச்சருகு நிறைந்த வீட்டுத் தோட்டம். சுபஹுத் தொழுகைக்குப் போகிறவர், முதல் ரயிலைப் பிடிக்கிறவர், பேராதனை போதனா வைத்தியசாலையில் இரவு வேலை முடித்து வருகிறவர் எல்லோருக்கும் தேவைப்படுவது காலடியிலிருந்து பத்து மீற்றர்வரை தெளிவாகத் தெரிவதுதான். வருடத்தில் பாதி நாள் மழை என்பதால் ஒரு கையில் குடை இருக்கும். டோர்ச்சுக்கு மிஞ்சுவது மற்றக் கை மட்டும்.

இதிலிருந்து நான்கு கேள்விகள் பிறக்கின்றன. இருட்டும் நேரத்தில் அது உடம்பில் இருக்குமா? தரையை உள்ளது உள்ளபடி காட்டுமா? அதன் பெட்டரி ஊர்க்கடையில் கிடைக்குமா? தீரப்போவதை முன்கூட்டியே தெரிவிக்குமா? நான் பயன்படுத்திய வகைகளை இந்த நான்கிலும் வைத்தே பார்க்கிறேன்.

முதலில் பழைய இரண்டு பெட்டரி டோர்ச். மின்னும் தகட்டு உடம்பு, நகர்த்தும் சுவிட்ச், பின்மூடிக்குள் ஒளித்து வைத்த உபரி பல்ப். எங்கள் வீடுகளில் எவரெடி என்ற பெயரே அதற்கு நிலைத்திருந்தது. 1899இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்ற குழாய் டோர்ச்சுக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு கிடையாது. ஒரு குழாய், வரிசையாகப் பெட்டரிகள், நுனியில் பல்பும் பிரதிபலிப்பியும். வெளிச்சம் இருபது லூமனை எட்டினாலே அதிகம். ஆனால் இரண்டாவது கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் அது சொன்ன பதில் இன்றும் வியக்க வைக்கிறது. இழை பல்பின் ஒளியில் சிவப்பு சிவப்பாகவும் மண் மண்ணாகவும் தெரியும். பெட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகிச் செம்மையாகி அறிவித்துவிட்டே அணையும். அணைந்த பெட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவு ஓட்டிய வீடுகள் பல. சூடேறினால் உள்ளே இரசாயன மாற்றம் சற்று விறுவிறுப்பாகும், ஓய்வு கிடைத்தால் மின்னழுத்தம் கொஞ்சம் மீளும் என்பதே அதன் காரணம்.

அது தோற்றது முதல் கேள்வியில். 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெட்டரியை யாரும் சட்டைப்பையில் போட்டுத் திரிவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் டோர்ச், வீதியில் கரண்ட் போனவனுக்கு உதவாது. மற்றொரு குறை துத்தநாகப் பெட்டரியின் இயல்பு. அதன் வெளிக்கூடே எரிபொருளாகவும் கரைவதால், தீர்ந்த பெட்டரியை உள்ளே மறந்துவிட்டால் அது ஒழுகித் தகட்டை அரிக்கும். எங்கள் ஊர் ஈரத்தில் அந்த அழிவு இன்னும் வேகம்.

சட்டைப்பைக்குள் வரும் நல்ல டோர்ச் என்பதை எங்களுக்குக் காட்டியது மத்திய கிழக்கிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த மினி மேக்லைட். 1984இல் வெளிவந்த அந்த அலுமினியக் குழாய்க்கு இரண்டு பென்டோர்ச் (ஏஏ) பெட்டரி போதும். மழைக்கும் விழுதலுக்கும் அஞ்சாத உடம்பு. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் சேர்ந்தாற்போல் பதில் சொன்ன முதல் பொருள் அது என்பேன். தலையைத் திருகித்தான் எரிக்க வேண்டும் என்பதால் குடை பிடித்தவனுக்கு அது பொருந்தவில்லை. வெளிச்சமும் பழைய டோர்ச்சைவிட அதிகமில்லை.

பிறகு எல்.ஈ.டி. வந்தது. நீல எல்.ஈ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பொஸ்பரைப் பூசி 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை ஒளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே பெட்டரியில் பல மடங்கு வெளிச்சம், உடையாத பல்ப், சிறிய உடல் என்று பெற்றதெல்லாம் பெரிது. இழந்ததைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நீலத்தோடு மஞ்சளைச் சேர்த்து வெள்ளையாக்கிய ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவே இருக்கும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்ற சுட்டெண்ணால் அளக்கிறார்கள். இழை பல்புக்கு அது கிட்டத்தட்ட 100. சாதாரண எல்.ஈ.டி. டோர்ச்சுக்கு 70 அளவு. அந்தச் சுட்டெண்ணும் எட்டு மங்கல் நிறங்களின் சராசரிதான். ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் சேர்வதில்லை. ஆர்-9 என்று தனியாக அளக்கும்போது மலிவு எல்.ஈ.டி.கள் பூச்சியத்துக்கும் கீழே இறங்குவதுண்டு.

இதை நுணுக்கம் பேசுவோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. எங்கள் பகுதித் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் இருக்கும் பாம்புகளில் ஒன்று, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும் மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியன். இலங்கையில் விஷப் பாம்புக் கடிகளில் மிக அதிகமானவை அதனுடையவை. ஒன்றரை அடி நீளம், காய்ந்த இலையின் நிறம், இலைச்சருகுக்குள் அசையாமல் கிடக்கும் பழக்கம். அதன் விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வைத்தியசாலைகளில் பயன்படும் இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து அதற்குப் பயன் தருவதில்லை. பழுப்பின் மேல் கிடக்கும் பழுப்பைப் பிரித்தறிய ஒளியில் சிவப்பு வேண்டும். நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சருகு, மண், வேர் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சி.ஆர்.ஐ. 90ஐத் தாண்டிய நிச்சியா 219 வகை எல்.ஈ.டி. கொண்ட டோர்ச்சை என் வீட்டுப் படிக்கட்டில் முதன்முதல் அடித்தபோது, அதே சருகு பல நிறங்களாகப் பிரிந்தது. அதே பெட்டரியில் அந்த எல்.ஈ.டி. சற்றுக் குறைந்த வெளிச்சமே தரும். அந்த இழப்பை நான் மனமறிந்தே ஏற்கிறேன்.

நிறத்தோடு நிழலும் வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி வீசுவதால் தரையில் உள்ள பொருளின் நிழல் அதற்குப் பின்னாலேயே மறைந்து, மேடு பள்ளம் தட்டையாகிவிடும். பனிமூட்டத்திலும் தூறலிலும் நீர்த்துளிகள் அந்த ஒளியை நேராகக் கண்ணுக்கே திருப்பியடிக்கும். இடுப்பளவில் கையில் பிடித்த டோர்ச்சில் இந்த இரண்டு தொல்லையும் பெருமளவு குறையும். இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு நெற்றி விளக்கு மிகச் சிறந்தது. எங்கள் ஒழுங்கையில் நடப்பதற்கு அது இரண்டாம் தரம்.

இனி லூமன் கணக்குக்கு வருகிறேன். பெரும்பாலான நல்ல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் அமெரிக்க அளவைத் தரம் 2009இல் வந்த எஃப்.எல்.-1. டோர்ச்சை எரித்த 30 விநாடியிலிருந்து வெளிச்சத்தை அளக்கிறது. அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரத்தை எரியும் நேரமாகக் கணக்கிடுகிறது. 1000 லூமனில் தொடங்கி இரண்டு நிமிடத்தில் சூடேறி 300க்கு இறங்கி மூன்று மணி நேரம் ஓடும் டோர்ச்சின் பெட்டியில் ‘1000 லூமன், 3 மணி நேரம்’ என்று போட்டால் அது தரத்தை மீறியதாகாது. ஒரு கணக்குப் போட்டால் உண்மை தெரியும். நல்ல 18650 லித்தியம் செல் ஒன்றில் இருப்பது சுமார் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும், 1000 லூமனில் அது ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்ட வழியில்லை. கண்ணும் லூமனை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. வெளிச்சம் இரு மடங்கானதுபோல் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் தேவை. வீச்சுத் தூரமும் 0.25 லக்ஸ் எஞ்சும் இடம்வரை, அதாவது முழுநிலவு வெளிச்சம்வரை அளந்தது. அந்தத் தூரத்தில் ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண முடியாது.

கரண்ட் இல்லாத காலம் இந்தக் கணக்கை எங்களுக்கு நடைமுறையில் கற்றுத் தந்தது. 1996இன் மின்வெட்டும் 2001-02 வறட்சி மின்வெட்டும் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அந்த மாதங்களில் வீட்டுக்கு வேண்டியிருந்தது சமையலறையில், படிக்கும் பிள்ளையின் மேசையில், கழிவறை வழியில் மணிக்கணக்காக நின்று எரியும் 30 லூமன். தட்டையான பின்பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக் கூரைத்தட்டை நோக்கி எரிக்கக்கூடிய டோர்ச், அறை முழுவதையும் மெல்ல ஒளியூட்டியது. சுவிட்ச் பின்னால் துருத்தி நின்ற டோர்ச்சுகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

சுவரில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் பண்ணும் பிளாஸ்டிக் டோர்ச்சுகள் அப்போதும் வீட்டுக்கு வீடு இருந்தன. மலிவு, பெரிய வெளிச்சம், பெட்டரிச் செலவில்லை என்பதால் மக்கள் அவற்றை வாங்குவதில் நியாயமுண்டு. ஆனால் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமிலப் பெட்டரி. இறங்கிய நிலையில் சில வாரம் கிடந்தால் தகடுகளில் சல்பேற் இறுகி அது கொள்ளளவை இழக்கும். அவசரத்துக்கென்று அலமாரியில் வைத்த பொருள் அவசரத்தில் எரியாமல் போவதற்கு இதுவே காரணம். சார்ஜ் சுற்றும் பலவற்றில் வீட்டு மின்சாரத்திலிருந்து முறையாகப் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. உடைந்த மூடியோடு அதைச் செருகுவது உயிராபத்து. இந்த வகையை நான் முழுமையாக நிராகரிக்கிறேன்.

கைத்தொலைபேசி விளக்கே போதாதா என்ற கேள்வி வலுவானது. எப்போதும் உடம்பில் இருப்பது அதுதான். முதல் கேள்வியில் அதற்கு முழுப் புள்ளி. அறைக்குள், பூட்டுத் துவாரத்தில், விழுந்த சாவியைத் தேடும்போது அது போதும். மழையில் வழுக்கும் படியில் குடை பிடித்தபடி மற்றக் கையால் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பரந்து சிதறும் ஒளி நான்கைந்து மீற்றருக்கு அப்பால் வலுவிழக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண்சரிவும் வெள்ளமும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் சேர்த்தே அறுத்தன. அப்படிப்பட்ட இரவில் தொலைபேசியின் மிச்சச் சார்ஜ் ஒரு அழைப்புக்காகக் காக்கப்பட வேண்டியது. அதை வெளிச்சத்துக்குச் செலவிடச் சொல்லும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எஞ்சியவை இரண்டு: ஒற்றை 18650 செல் டோர்ச், ஒற்றைப் பென்டோர்ச் பெட்டரி டோர்ச். ஆற்றலில் முன்னது ஐந்து மடங்கு பெரியது. 50 லூமனில் ஒரு நாள் முழுக்க எரியும். தேவையானபோது நூறு மீற்றருக்கு அப்பாலும் பார்க்கலாம். அதன் செல் கெலிஓயாக் கடைகளில் நம்பி வாங்கக் கிடைப்பதில்லை. சார்ஜ் தீர்ந்து கரண்டும் இல்லையென்றால் அது வெறும் குழாய். பல மாதிரிகள் கடைசிவரை ஒரே அளவில் எரிந்து திடீரென்று அணைகின்றன. பழைய இழை பல்ப் செய்த எச்சரிக்கையை அவை செய்வதில்லை. சட்டைப்பையில் தானாக எரிந்தால் துணியைப் பொசுக்கும் வலுவும் அதற்கு உண்டு. ஒழுங்காகப் பூட்டும் வசதியில்லாத மாதிரி ஆபத்தானது.

பென்டோர்ச் பெட்டரி டோர்ச்சின் வரம்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனிலூப் போன்ற நல்ல நிக்கல் ரீசார்ஜ் செல்லில் இருப்பது 2.4 வாட் மணி. சுற்றில் போகும் இழப்பைக் கழித்தால் 100 லூமனில் இரண்டு மணி நேரம், 30 லூமனில் ஆறு மணி நேரம். ஆற்றங்கரையில் அக்கரை பார்க்க அது உதவாது. ஆனால் நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் எதிலும் விழாமல் நிற்பது அது ஒன்றே. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கிளிப்பில் நிற்கிறது. உயர்ந்த சி.ஆர்.ஐ. எல்.ஈ.டி.யோடு கிடைக்கிறது. செல் தீர்ந்தால் மண்சரிவில் பாதை அடைபட்ட நாளிலும் பக்கத்துச் சில்லறைக் கடையில் அல்கலைன் கிடைக்கும், இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றலாம். நான் வைத்திருக்கும் மாதிரி செல் இறங்கும்போது படிப்படியாக மங்குகிறது.

ஆகவே என் முடிவு இது. கெலிஓயா போன்ற ஈரமான, மேடு பள்ளமான, அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ஒருவர் ஒரேயொரு டோர்ச் வைத்திருப்பதானால் அது ஒற்றைப் பென்டோர்ச் பெட்டரி டோர்ச்சாக இருக்கட்டும். சி.ஆர்.ஐ. 90க்கு மேல், இளஞ்சூட்டு வெள்ளை, முதல் அமுக்கிலேயே குறைந்த வெளிச்சம், நிமிர்ந்து நிற்கும் பின்பக்கம், நீர்புகாத உடம்பு என்ற ஐந்தையும் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே ரீசார்ஜ் செல், வீட்டில் பிரிக்காத அல்கலைன் நான்கு. இரவில் தோட்டக் காவல் செய்பவருக்கும், மண்சரிவு அபாயம் அறிவிக்கப்பட்ட சரிவில் குடியிருப்பவருக்கும் இந்தத் தீர்ப்பு போதாது. அவர்கள் 18650 டோர்ச் ஒன்றையும் உபரிச் செல்லையும் கூடவே வைத்திருக்க வேண்டும். ஆயினும் அவர்களுக்கும் அது இரண்டாவது டோர்ச்தான். முதலாவது, எந்தக் கடையிலிருந்தும் மறுபடி உயிர்ப்பிக்கக்கூடிய சிறியதாகவே இருக்க வேண்டும்.